சங்கத்துக்கு வெளியே ஒரு மேசை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாமாக் கடை, அதாவது தமிழ் முஸ்லிம் உணவகம். சனிக்கிழமை சாயங்காலம் 5 மணி தாண்டினால் அங்கே இடம் கிடைப்பது கஷ்டம். அதனால் எங்களில் யாராவது ஒருவர் முன்னதாகவே போய், காற்றாடிக்குக் கீழே இருக்கும் மேசையைப் பிடித்து வைத்துவிடுவார். போன மாதம் அந்த மேசையில் எங்களில் இளையவர் எழுதிய கதையை வாசித்துக்கொண்டிருந்தோம். தோட்டத்துக் கதை. காலை 8 மணி, இலைகளுக்கு நடுவே வெயில் விழுகிறது, நாயகி உளியோடு முதல் மரத்தை நெருங்குகிறாள். அழகாக எழுதப்பட்ட பத்தி.

"தம்பி, ஒரு நிமிசம் நிறுத்து" என்றார் எங்களில் மூத்தவர். இளமையில் காப்பார் பக்கம் மரம் வெட்டியவர். மரம் வெட்டுவது என்றால் இங்கே பாலுக்காக ரப்பர் மரத்தைச் சீவுவது. அப்புறம் லோரி ஓட்டி, இப்போது ஓய்வில் இருக்கிறார். "எட்டு மணிக்கு யாரு மரம் வெட்டப் போவா? வெயில் ஏறினா பால் நின்னுடும். விடியறதுக்கு முந்தியே பெரட்டுல நின்னிருப்பா. எட்டு மணிக்கு அவ பாதி நிரைய முடிச்சிருப்பா."

பெரட்டு என்றால் வேலைக்கு முன்னால் ஆள் கணக்கெடுப்பது; நிரை என்றால் ஒருவருக்கு ஒதுக்கிய மர வரிசை. அடுத்த கால் மணி நேரம் அவர் பேசியதைத் தம்பி தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டே இருந்தார். தலையில் கட்டிய விளக்கு. நேற்றைய வெட்டில் காய்ந்து படிந்திருக்கும் ஒட்டுப்பாலை நகத்தால் கிளப்பி நீளமாக உரிப்பது. பால் வடியும் கிண்ணத்துக்கு மங்கு என்று பெயர்; கவிழ்ந்திருக்கும் அதைத் திருப்பி, உள்ளே கிடக்கும் தூசியை ஊதிவிட்டு வைப்பது. விடியற்காலையில் மரத்துக்குள் நீரழுத்தம் கூடுதலாக இருப்பதால்தான் பால் நன்றாக ஓடுகிறது என்று புத்தகத்தில் படிக்கலாம். ஊதிவிட்டு வைப்பதை எந்தப் புத்தகத்திலும் படிக்க முடியாது. இரண்டு வாரம் கழித்துக் கதை திரும்பி வந்தபோது அதில் வெயில் இல்லை. விளக்கு வெளிச்சம் விழுகிற ஒரு சாண் பட்டை மட்டும் தெரிகிற, இருட்டான கதையாக அது மாறியிருந்தது.

மலேசியத் தமிழ் இலக்கிய வரலாற்றை எழுதுகிறவர்கள் சங்கங்களையும் போட்டிகளையும் பத்திரிகைகளையும் வைத்தே எழுதுகிறார்கள். அவற்றுக்குத்தான் தேதியும் தலைவரும் புகைப்படமும் இருக்கின்றன. ஆனால் எழுத்து உருவான இடம் எது என்று கேட்டால், நான் இந்த மாதிரி மேசைகளைத்தான் காட்டுவேன். பதிவு இல்லாத, சந்தா இல்லாத, பல சமயம் பெயர்கூட இல்லாத நண்பர் வட்டங்கள். இந்த ஊரில் அவை ஏன் இவ்வளவு முக்கியமாக இருந்தன, எப்படி வேலை செய்கின்றன, எதனால் உடைகின்றன என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

முதல் காரணம் மிக எளியது. இங்கே எடிட்டர் கிடையாது.

கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப் புத்தகம் எப்படி வெளிவருகிறது? எழுதியவரே பணம் போடுகிறார். கணினியில் பக்கம் அமைத்துத் தருபவர் ஒரு நண்பர், அட்டை வரைபவர் இன்னொரு நண்பர், பிழை பார்ப்பவர் தமிழ்ப்பள்ளியில் படிப்பிக்கும் ஓர் ஆசிரியை. தேசிய நூலகத்திடம் ஐ.எஸ்.பி.என். எண் வாங்கி, உள்ளூரிலோ தமிழ்நாட்டிலோ சில நூறு பிரதிகள் அச்சடிக்கிறார்கள். அப்புறம் வெளியீட்டு விழா. வந்தவர்கள் வரிசையாக மேடையேறி, உறையில் பணம் வைத்துக் கொடுத்து, நூலைப் பெற்றுக்கொண்டு இறங்குவார்கள். முதல் நூலைப் பெறுகிறவர் பெரிய தொகையாகக் கொடுப்பார். அச்சுக்கூலி பெரும்பாலும் அந்த உறைகளிலிருந்துதான் திரும்பி வர வேண்டும். வாசலில் உட்கார்ந்து பெயர் எழுதுவதும், பணத்தை எண்ணுவதும், மீதிப் பெட்டிகளைக் காடியில் ஏற்றுவதும் அதே நண்பர்கள்தான். இந்தச் சங்கிலியில் எல்லா வேலைக்கும் ஆள் இருக்கிறது. "மூணாவது அத்தியாயம் தேவையில்லை, எடுத்துடு" என்று சொல்வதைத் தொழிலாகக் கொண்ட ஆள் மட்டும் இல்லை. அந்த வேலையை நண்பர்கள் செய்தால் உண்டு, செய்யாவிட்டால் இல்லை.

ஒரு காலத்தில் அதைப் பத்திரிகை ஆசிரியர்கள் செய்தார்கள். 1924இல் கோலாலம்பூரில் தொடங்கிய 'தமிழ் நேசன்' 1950இல் 'கதை வகுப்பு' என்ற ஒன்றை நடத்தியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதற்குப் பொறுப்பு. கதை என்றால் என்ன, எப்படித் தொடங்குவது, எங்கே முடிப்பது என்று நாளிதழ் வழியாகவே பாடம் நடந்தது. தோட்டத்து லயங்களிலும் பட்டணத்துக் கடைகளிலும் இருந்தவர்கள் பயிற்சி எழுதி அஞ்சலில் அனுப்பினார்கள். போருக்குப் பிந்திய மலாயாவில் கதை எழுத வந்த ஒரு தலைமுறையே அந்த வகுப்பிலிருந்து கிளம்பியது. அதே 1950இல் சிங்கப்பூரில் மலாய் எழுத்தாளர்கள் 'அசாஸ் 50' என்று கூடினார்கள். அவர்களும் பத்திரிகைக்காரர்கள், ஆசிரியர்கள். இரண்டு மொழியிலும் ஒரே வருடத்தில் இந்த வேகம் வந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஜப்பான்காரன் காலத்தைத் தாண்டி வந்த இளைஞர்கள், நாடு கைமாறப் போகிறது என்று உணர்ந்தவர்கள், பேசுவதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

1952இல் தமிழ்நாட்டுச் சிறுகதை எழுத்தாளர் கு. அழகிரிசாமி 'தமிழ் நேச'னுக்கு வந்தார். 1957 வரை இங்கே இருந்தார். அவர் பத்திரிகைக்குச் செய்ததைவிட, பத்திரிகைக்கு வெளியே செய்ததுதான் நம் விஷயத்துக்கு முக்கியம். கோலாலம்பூரில் 'இலக்கிய வட்டம்' என்று நண்பர்களைக் கூட்டி, படித்ததைப் பேசவும் எழுதியதை விவாதிக்கவும் ஓர் இடம் உண்டாக்கினார். அந்தப் பெயரைக் கவனியுங்கள்: சங்கமோ கழகமோ மன்றமோ இல்லை, வட்டம்.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு ஊர் இருக்கிறது. திருநெல்வேலியில் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் வீட்டில் சாயங்கால வேளைகளில் நண்பர்கள் கூடுவார்கள். நடுவில் வட்டமான தொட்டிக்கட்டு, அதாவது முற்றம். அதனால் அந்தக் கூட்டத்துக்கு 'வட்டத்தொட்டி' என்றே பெயர் வந்துவிட்டது. கம்பன் பாட்டை டி.கே.சி. சொல்லச் சொல்ல மற்றவர்கள் கேட்பார்கள், மறுப்பார்கள், சிரிப்பார்கள். தலைமையுரை, நன்றியுரை எதுவும் கிடையாது. அந்த ரசனையில் ஊறியவர் அழகிரிசாமி. அவரும் கி. ராஜநாராயணனும் இடைசெவல் என்ற ஒரே கிராமத்துக்காரர்கள், சின்ன வயதுக் கூட்டாளிகள். ஆக, எழுத்து என்பது நண்பனோடு சேர்ந்து செய்கிற காரியம் என்பது அவருக்குப் பழகிய விஷயம். அதைத்தான் கப்பலில் கூடவே கொண்டுவந்தார்.

சென்னையில் 1930களில் 'மணிக்கொடி' இதழைச் சுற்றி இருந்ததும் இப்படிப்பட்ட கூட்டம்தான். புதுமைப்பித்தன், கு.ப.ரா., ந. பிச்சமூர்த்தி, மௌனி என்று இன்று தனித்தனிச் சிலைகளாக நிற்கிறவர்கள் அன்று ஒருவருடைய கதையை ஒருவர் படித்து வாக்குவாதம் செய்துகொண்டிருந்தவர்கள். 'மௌனி' என்ற புனைபெயரே ஆசிரியராக இருந்த நண்பர் பி. எஸ். ராமையா வைத்ததுதான். கடல் தாண்டினாலும் இதே கதைதான். ஆக்ஸ்ஃபோர்டில் டோல்கீனும் சி. எஸ். லூயிஸும் சேர்ந்திருந்த 'இங்க்லிங்ஸ்' குழுவில் வியாழக்கிழமை இரவுகளில் லூயிஸின் அறையில் கூடி, எழுதிக்கொண்டிருக்கும் பக்கங்களைச் சத்தமாக வாசிப்பார்கள். டோல்கீனின் பெரிய நாவல் அச்சேறுவதற்குப் பல வருடம் முன்பே அந்த அறையில் வாசிக்கப்பட்டுவிட்டது. அங்கேயும் உறுப்பினர் பட்டியல் கிடையாது.

இனி நம் ஊருக்கே உரிய ஒரு காரணத்துக்கு வருவோம்: சட்டம்.

1966ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டப்படி, ஏழு பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ சேர்ந்து நடத்தும் கழகமோ சங்கமோ, நோக்கம் எதுவானாலும், பதிவாளரிடம் பதிந்தாக வேண்டும். பதிந்தால் சட்டவிதி வேண்டும், நிர்வாகக் குழு வேண்டும், ஆண்டுக் கூட்டம் போட வேண்டும், கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் கணக்கும் அறிக்கையும் அனுப்ப வேண்டும். நண்பர்கள் சேர்ந்து தே தாரிக் குடிப்பதை யாரும் கேட்கப் போவதில்லைதான். ஆனால் பெயர்ப்பலகை மாட்டி, தலைவரைத் தேர்ந்தெடுத்து, சந்தா வாங்க ஆரம்பித்த நிமிடத்திலிருந்து அது வேறு உலகம். எழுதுகிறவனுடைய நேரத்தில் பெரும் பங்கு தேர்தலுக்கும் வரவுசெலவுக்கும் போய்விடும். இதழ் நடத்தலாம் என்றால் அதற்கு 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம். பருவ இதழுக்கு உள்துறை அமைச்சின் பெர்மிட் வேண்டும். 2012 வரை அதை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கவும் வேண்டியிருந்தது. நாலு நண்பர்கள் கைக்காசு போட்டு நடத்தும் சிற்றிதழுக்கு இது எவ்வளவு பெரிய சுமை என்று சொல்லத் தேவையில்லை. கூட்டமும் கூடாமல், இதழும் இல்லாமல், வெறுமனே ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து தாள்களைக் கைமாற்றிக்கொள்வதுதான் மிஞ்சிய வழி. எங்கள் மேசையில் ஆறு நாற்காலிதான். அது கடைக்காரர் போட்டது. சட்டத்தை நினைத்துப் போட்டதில்லை.

சங்கங்களைக் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். 1962இல் உருவான எழுத்தாளர் சங்கம் இல்லையென்றால் பல பேருடைய முதல் மேடை இல்லை. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர்களே காசு போட்டு நிலம் வாங்க 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம்தான், இன்றைக்கும் கோலாலம்பூரில் தமிழ் நிகழ்ச்சிகளுக்கு அரங்கம் தருகிறது, நாவல் போட்டியும் நடத்தியிருக்கிறது. மாதம் 10 வெள்ளி கட்டிய தோட்டத்துச் சனங்களின் பணத்தில் எழுந்த கட்டடத்தில் தமிழ்ப் புத்தகம் வெளியாகிறது என்பதை நான் ஒவ்வொரு முறையும் படியேறும்போது நினைத்துக்கொள்வேன். மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை 1980களில் தொடங்கிய சிறுகதைப் போட்டி எத்தனையோ மாணவர்களை எழுத வைத்திருக்கிறது. சங்கம் மேடை தரும், பரிசு தரும், ஊருக்கு அறிமுகம் தரும். எழுதி முடிக்காத கதையை அங்கே கொண்டுபோக முடியாது, அவ்வளவுதான். பரிசு முடிந்துபோன எழுத்துக்கு. மேசை முடியாத எழுத்துக்கு.

பினாங்கில் இந்தப் பழக்கம் இன்னும் பழையது. நாகூர் குலாம் காதிர் நாவலர் 1883இல் அங்கேயிருந்து 'வித்தியா விசாரிணி' நடத்தினார். துறைமுகப் பட்டணம், நாகப்பட்டினத்திலிருந்து வரும் கப்பல் முதலில் தொடும் ஊர். பிற்காலத்தில் 'ரஜூலா' வரும்போதும், 'எம்.வி. சிதம்பரம்' வரும்போதும், பயணிகளின் பெட்டியில் சென்னைப் பத்திரிகைகளும் புத்தகங்களும் வந்தன. ஒரு பிரதி பத்துக் கை மாறும். கடன் வாங்கிப் படித்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது நடக்கிற பேச்சு இருக்கிறதே, பாதி வட்டங்கள் அப்படித்தான் ஆரம்பிக்கின்றன.

நேரில் பார்க்காமலே நண்பர்களானவர்களும் உண்டு. பகாங்கில் ஒரு தோட்டத்தில் இருப்பவர் பேராவில் இருப்பவரின் கதையை ஞாயிறு பதிப்பில் படித்துவிட்டு, பத்திரிகை வழியாகவே முகவரி கேட்டு வாங்கிக் கடிதம் போடுவார். வருடக்கணக்கில் கடிதத்திலேயே பழகி, யாருடைய கல்யாணத்திலோ முதல் தடவையாகக் கையைப் பிடித்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். கோப்பெருஞ்சோழனுக்கும் பிசிராந்தையாருக்கும் இருந்த நட்பைப் பாடப்புத்தகத்தில் படித்த தலைமுறை அது. அவர்களுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இருந்திருக்காது. 1950களில் மா. இராமையாவும் மா. செ. மாயதேவனும் தங்கள் கதைகளைச் சேர்த்து ஒரே தொகுப்பாகப் போட்டார்கள். ஒரே அட்டைக்குள் இரண்டு பேர். தனியாக அச்சடிக்க வசதி இல்லாத காலத்தில் நட்பு அந்த அளவுக்குக் கைகொடுத்திருக்கிறது.

பிறகு ஓர் இடைவெளி விழுந்தது. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று ஆனதும், சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த ஆயிரக்கணக்கான தமிழர்கள் கப்பலேறித் திரும்பினார்கள். ஒரு வட்டத்தில் ஐந்து பேர் என்றால் அதில் இரண்டு பேருக்குச் சிவப்பு அட்டையாக இருந்திருக்கும். சங்கத்துக்கு ஆள் போனால் புது ஆள் சேர்த்துக்கொள்ளலாம். வட்டத்தில் அப்படிச் சேர்க்க முடியாது.

அந்த இடைவெளியை அடைத்தவர்கள் புதுக்கவிதைக்காரர்கள். 1977இல் 'வானம்பாடி' வார இதழ் வந்தது. ஆதி. குமணன், இராஜகுமாரன், அக்கினி என்று எல்லாரும் இளைஞர்கள், எல்லாரும் நண்பர்கள். அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்குச் சேர்ந்தே கிடந்தவர்கள் என்று அந்தக் காலத்து ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். யாப்பு இல்லாவிட்டால் கவிதையே இல்லை என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், தனியாக ஒருவன் நின்று புதுக்கவிதை எழுதியிருந்தால் ஓரம் கட்டியிருப்பார்கள். கூட்டாக எழுதியதால் நின்றது. 1979இல் அதற்கென்று கருத்தரங்கமே நடக்கும் அளவுக்கு வளர்ந்தது. 2007இல் ம. நவீனும் நண்பர்களும் தொடங்கிய 'வல்லினம்' இதே வழியில் வந்ததுதான். அதற்கு முன்னால் அந்த நண்பர்கள் 'காதல்' என்ற இதழை நடத்திப் பார்த்திருந்தார்கள். 2009இல் 'வல்லினம்' இணையத்துக்குப் போனது. அந்த வட்டம் சண்டை போடத் தயங்கியதே இல்லை. அவர்களுடைய கருத்துகளில் எனக்கு உடன்பாடு இல்லாதவை உண்டு; ஆனால் மலேசியாவில் விமரிசனம் என்பது வாழ்த்துரையிலிருந்து வேறானது என்பதை அந்த நண்பர்கள் போல வேறு யாரும் இவ்வளவு விடாப்பிடியாகச் சொன்னதில்லை.

சரி, மேசையில் என்னதான் நடக்கிறது?

எங்கள் மேசையின் வழக்கத்தைச் சொல்கிறேன். மற்ற வட்டங்களிலும் கொஞ்சம் முன்பின்னாக இதுதான் நடக்கும். ஒரு சாயங்காலத்துக்கு ஒரு கதை. எழுதியவர் வாசிக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர்தான் வாசிக்க வேண்டும். தன் எழுத்தை வாசிக்கும்போது எழுதியவன் குரலாலேயே ஓட்டையை அடைத்துவிடுவான். இன்னொருவர் வாசித்தால் எங்கே நாக்கு தடுக்குகிறது என்று எல்லாருக்கும் கேட்கும். மற்றவர்கள் கையில் ஆளுக்கொரு நகல் இருக்கும். மனம் நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி. ஏன் நின்றது என்று அப்போதைக்கு எழுத வேண்டாம். வாசித்து முடித்ததும் நாலு தாளையும் மேசையில் பரப்பி வைப்போம். இரண்டு பேர் ஒரே வரியில் குறி போட்டிருந்தால், அந்த வரியில் ஏதோ இருக்கிறது. அதுவரை எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது, விளக்கம் சொல்லக் கூடாது. கடைசியில் ஒன்று: யாருடைய கதை வாசிக்கப்பட்டதோ அவர் அன்றைக்குக் காசு கொடுக்கக் கூடாது. ரொட்டி சானாயும் தே தாரிக்கும் மற்றவர்கள் கணக்கு. யார் எப்போது ஆரம்பித்த வழக்கம் என்று தெரியவில்லை, ஆனால் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது அதுதான்.

இதில் நட்பு எங்கே வருகிறது? முன்பின் தெரியாதவரிடம் கொடுத்தாலும் அவரும் குறி போடுவாரே என்று கேட்கலாம். போடுவார். ஆனால் அவருக்கு இந்த ஒரு கதைதான் தெரியும். நண்பனுக்கு என் பத்து வருடக் கதைகள் தெரியும். எங்களில் ஒருவர் நல்ல எழுத்தாளர், அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதி. அவர் கதைகளில் அம்மா பாத்திரம் பேசவே மாட்டாள். அடுப்படியில் நின்றுகொண்டே இருப்பாள். தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு கதையிலும் அது பொருத்தமாகத்தான் இருக்கும். ஏழாவது கதையில் இன்னொருவர் கேட்டார்: "அக்கா, உங்க கதையில அம்மாவுக்கு ஏன் ஒரு வார்த்தை கூட இல்ல?" அவர் கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. அடுத்த மாதம் கொண்டுவந்த கதையில் அம்மாதான் ஆரம்பம் முதல் கடைசி வரை பேசினாள். அந்தக் கேள்வியை ஒரு நடுவரோ பேராசிரியரோ கேட்டிருக்க முடியாது. கேட்டிருந்தாலும் காயமாகத்தான் போயிருக்கும். நட்புக்கு அழகு இடித்துரைப்பது என்று வள்ளுவர் காலத்திலிருந்து சொல்லிவருகிறோம். இடித்தால் வலிக்கும் இடம் எது என்று தெரிந்தவன் இடிப்பதால்தான் அது பலிக்கிறது.

வட்டத்தின் கோளாறுகளும் அதே நட்பிலிருந்துதான் வருகின்றன. அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

நாலு பேர் ரொம்ப நாள் சேர்ந்திருந்தால் ஒரே மாதிரி எழுத ஆரம்பிப்பார்கள். ஒருவர் புத்தகத்துக்கு இன்னொருவர் முன்னுரை, அவர் புத்தகத்துக்கு இவர் அறிமுகக் கூட்டப் பேச்சு என்று வட்டம் தனக்குள்ளேயே சுற்றத் தொடங்கும். வெளியிலிருந்து வருகிற இளைஞனுக்கு அது மூடிய கதவாகத் தெரியும். எனக்கு இருபது வயதில் அப்படி ஒரு கதவு முன்னால் நின்ற அனுபவம் உண்டு. ஒரு கூட்டம் முடிந்து பெரியவர்கள் கடைக்குக் கிளம்பினார்கள். நானும் பின்னாலேயே போனேன். இருந்த நாற்காலிகளில் அவர்கள் உட்கார்ந்தார்கள். இன்னொரு நாற்காலி இழுத்துப் போட யாருக்கும் தோன்றவில்லை. அவர்களிடம் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. ஆனால் நான் அடுத்த மூன்று வருடம் ஒன்றும் எழுதவில்லை.

இன்னொன்று பெண்கள். மாமாக் கடையின் வசதியே அது ராத்திரி முழுக்கத் திறந்திருப்பதுதான். அந்த வசதி ஆண்களுக்குத்தான். கமலாட்சி ஆறுமுகம், ந. மகேஸ்வரி, பாவை, நிர்மலா ராகவன் என்று இந்த நாட்டில் எழுதிய பெண்கள் குறைவில்லை. ஆனால் இலக்கியப் பேச்சு ராத்திரி 10 மணிக்குச் சூடுபிடித்து 1 மணிக்கு முடியும் என்றால், வீட்டில் பிள்ளைகளை விட்டு வர முடியாதவர் அந்தப் பேச்சில் எப்படி இருக்க முடியும்? தாதி அக்கா எங்களோடு சேர்ந்த பிறகுதான் நாங்கள் நேரத்தைச் சாயங்காலம் 5 மணிக்கு மாற்றினோம். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வருகிறவர் 8 மணிக்குள் திரும்பிவிடலாம். இவ்வளவு சின்ன மாற்றம். ஆனால் அதைச் செய்ய எங்களுக்கே நாலு வருடம் ஆனது.

சண்டைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே போட்டிக்கு இரண்டு நண்பர்கள் எழுதி ஒருவருக்கு மட்டும் பரிசு கிடைத்தால் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

எனக்குப் பெரிய கவலை வேறு. வட்டங்கள் எதையும் விட்டுவைப்பதில்லை. சங்கத்துக்குக் கூட்டக் குறிப்பு இருக்கிறது. ஐம்பது வருடம் கழித்து ஓர் ஆய்வாளர் அதைத் தூசி தட்டி எடுக்கலாம். அழகிரிசாமியின் இலக்கிய வட்டத்தில் ஒரு சாயங்காலம் யார் என்ன சொன்னார்கள், எந்தக் கதை எப்படித் திருத்தப்பட்டது? போனது போனதுதான். அவர் கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன என்றால், கி.ரா. அவற்றைப் பத்திரமாக வைத்திருந்ததுதான் காரணம். பெறுகிறவர் வைத்திருந்தால்தான் நட்பின் வரலாறு மிஞ்சும். இப்போது கதைகள் வாட்ஸ்அப்பில் வருகின்றன. கருத்தும் அதிலேயே, பாதி குரல் பதிவாக. போன் மாறினால் எல்லாம் போய்விடுகிறது. 2019இல் 'தமிழ் நேசன்' நின்றபோது எல்லாரும் வருத்தப்பட்டோம். நின்றுபோன வட்டங்களுக்கு வருத்தப்படக்கூட ஆள் இல்லை, ஏனென்றால் அவை இருந்ததே வெளியில் தெரியாது. அதனால்தான் நாங்கள் இன்னும் தாளிலேயே அடிக்கிறோம். ஒவ்வொரு நகலின் தலைப்பிலும் தேதி, வந்தவர்களின் பெயர், குறி போட்டவரின் முதலெழுத்து. மற்ற வட்டங்களில் இருப்பவர்களிடமும் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான்: நகலைத் தூக்கிப் போடாதீர்கள்.

எங்கள் மேசையில் இருந்த ஒருவர் இரண்டு வருடம் முன்னால் தவறிவிட்டார். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர், நாங்கள் எல்லாரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். ஒரு மாதம் கழித்து அவருடைய மகள் போன் பண்ணி, அப்பாவின் அறையில் ஒரு பெட்டி இருக்கிறது, பழைய பேப்பர்க்காரரிடம் போடலாமா என்று கேட்டார். அன்றைக்கே போய் எடுத்து வந்தேன். நாங்கள் வாசித்த கதைகளின் நகல்கள் அத்தனையும் வருட வாரியாக அடுக்கியிருந்தார், ரப்பர் வளையம் போட்டு. பழைய வளையங்கள் உருகித் தாளோடு ஒட்டிக்கொண்டிருந்தன. மங்கில் காய்ந்த பால் மாதிரி.

கடைசியாக அவர் வந்த சாயங்காலத்தில் வாசித்தது என் கதை. அந்த நகலை எடுத்துப் பார்த்தேன். நாலாவது பக்கத்தில், மேலிருந்து ஆறாவது வரியில் அவருடைய குறி. அன்றைக்கு அவருக்கு இருமல் அதிகமாக இருந்ததால், நின்ற காரணத்தைச் சொல்லாமல், அடுத்த வாரம் பேசுவோம் என்று கிளம்பிவிட்டார். மற்ற மூன்று பேரும் அந்த வரியில் குறி போடவில்லை. அந்தக் கதையை நான் இன்னும் எங்கும் அனுப்பவில்லை. போன சனிக்கிழமையும் நாங்கள் அந்த ஆறாவது வரியை மேசையில் வைத்துக்கொண்டு, சார் ஏன் இங்கே நின்றார் என்று பேசிக்கொண்டிருந்தோம்.